மார்ச் மாத வெள்ளம்

கலைமணிக்குப் போர்த்துகீசிய மொழி தெரியும் என்பது கடலூர் மஞ்சக்குப்பத்தில் பலருக்கும் தெரியும். அதனால் என்ன பிரயோஜனம் என்பதுதான் ஒருவருக்கும் தெரியாது. ரொம்ப நாள் அவனுக்கே தெரியாமல்தான் இருந்தது. சிதம்பரத்தில் மொழியியல் படித்து முடித்த கையோடு, பரங்கிப்பேட்டைக்கு வந்துபோன போர்த்துகீசியரைப் பற்றி ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் வாங்கப்போகிறேன் என்று கிளம்பினான். அதற்காக ஒரு பழைய அகராதியை வைத்துக்கொண்டு, தானாகவே முட்டி மோதி மொழியைக் கற்றான். போர்த்துகீசியர் மூட்டை கட்டிக்கொண்டு போய்ச் சில நூற்றாண்டுகள் ஆன பிறகு, அவர்களோடு பேசுவதற்குத் தயாராகக் கடலூரில் ஓர் ஆள் இருந்தான். ஆராய்ச்சி பாதியில் நின்றுபோயிற்று. மொழி மட்டும் வீட்டோடு தங்கிவிட்டது.

அவன் படித்ததெல்லாம் அந்தக் காலத்துக் கப்பல் தலைவர்கள் மேலிடத்துக்கு எழுதிய கடிதங்கள். கப்பல் ஏன் தாமதம், சரக்கு எப்படி நனைந்தது, மிளகு மூட்டை எங்கே போயிற்று என்று சமாதானம் சொல்லும் கடிதங்கள். ஒவ்வொன்றிலும் கடல் பொங்கும், வானம் கிழியும், மனிதக் கண் அதுவரை காணாத காற்று வீசும். மிளகை இவர்களே வழியில் விற்றுத் தின்றிருப்பார்கள் என்று கலைமணிக்கு அப்போதே சந்தேகம்தான். ஆனாலும் அந்த நடை அவனை மயக்கிவிட்டது. வாழ்க்கையில் ஒரு தடவையாவது இப்படி எழுதிப் பார்க்க வேண்டும் என்று ஏங்கினான்.

அந்த வாய்ப்பைக் கொடுத்தவன் பாண்டியன். இருவரும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. பாண்டியனுக்கு நெல்லிக்குப்பம் ரோட்டில் ஒரு லேத் பட்டறை. முந்திரிக்கொட்டை உடைக்கிற மெஷின் செய்கிறான். எப்படியோ மொசாம்பிக் நாட்டில் நம்புலா என்ற ஊரிலிருந்து, முந்திரி உடைக்கும் பெண்கள் சேர்ந்து நடத்தும் சங்கம் ஒன்று அவனுக்கு ஆர்டர் கொடுத்துவிட்டது. அங்கே கடிதப் போக்குவரத்தெல்லாம் போர்த்துகீசிய மொழியில். பாண்டியன் பைக்கை ஸ்டாண்டு கூடப் போடாமல் கலைமணி வீட்டுக்குள் ஓடி வந்தான்.

“மச்சான், ஒன் பாஷைக்கு வேலை வந்திருச்சிடா” என்றான்.

சாயங்காலம் டுடோரியலில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த கலைமணி அன்றிலிருந்து பட்டறையின் கடித அதிகாரி ஆனான். வேலைக்குக் குறைவில்லை. ஏனென்றால் பாண்டியன் பட்டறையிலிருந்து எந்த மெஷினும் சொன்ன தேதிக்குக் கிளம்பியதாக வரலாறு இல்லை. லேத் ஓட்டுகிற கொளஞ்சிக்குப் பல்வலி வரும். டிரான்ஸ்பார்மர் வெடிக்கும். ஆடி மாசம் செடல் திருவிழா வரும். ஒவ்வொரு தாமதத்துக்கும் கலைமணி இரண்டு கடிதம் எழுதி மெயிலில் அனுப்ப வேண்டும்: கப்பல் ஏஜெண்டுக்கு இங்கிலீஷில் ஒன்று, சங்கத்துத் தலைவி தோனா கிராசாவுக்குப் போர்த்துகீசிய மொழியில் ஒன்று.

இங்கிலீஷ் சுலபம். ‘அன்பிரசிடென்டட்’ என்று ஒரு வார்த்தை போட்டால் போதும்; ஏஜெண்டு வாயைத் திறக்க மாட்டார். நம் ஊர்ப் பத்திரிகைக்காரர்கள் ஐப்பசி, கார்த்திகை பிறந்தால் ‘வரலாறு காணாத’ என்று எடுத்து வைத்துக்கொள்வார்களே, அந்த ஜாதி வார்த்தை அது. போர்த்துகீசிய மொழியிலும் அதற்கு நேராக ‘செம் பிரெசிதெந்தெஷ்’ என்று உண்டு. ஆனால் கலைமணிக்கு அது சப்பென்று இருந்தது. கப்பல் தலைவர்கள் அதோடு நிறுத்தினார்களா? ‘நுங்கா விஷ்து, நுங்கா ஒவீது’ என்றார்கள், கண்டதுமில்லை, கேட்டதுமில்லை. கலைமணியும் அப்படியே எழுதினான். கொளஞ்சியின் பல்வலி, எங்கள் கைத்தொழிலாளர்களிடையே கண்டும் கேட்டுமிராத கொள்ளைநோய் ஆயிற்று. டிரான்ஸ்பார்மர் வெடித்தது, பட்டப்பகலில் நகரத்தை விழுங்கிய இருள் ஆயிற்று. எழுதி முடித்ததும் தன் கடிதத்தைத் தானே இரண்டு முறை வாசித்து உருகுவான். டீ ஆறிப்போகும்.

இதெல்லாம் போகட்டும். மார்ச் மாதம் அவன் செய்ததுதான் பெரிய கூத்து.

ஆறு மெஷின்களை ஏற்றிக்கொண்டு லாரி திருவந்திபுரம் வழியாகக் கிளம்பியது. அன்றைக்கு முகூர்த்த நாள். முகூர்த்த நாளில் அந்த ஊர்ப் பெருமாள் கோயிலில் எத்தனை கல்யாணம் நடக்கும் என்று பெருமாளுக்கே கணக்கு இருக்காது. ரோடு முழுக்க மாலையும் வேனும் பட்டுப்புடவையும். லாரி நகரவில்லை. போதாததற்கு ஒரு கல்யாணம் லாரி டிரைவரின் சித்தப்பா மகனுடையது. டிரைவர் மொய் எழுதி, பந்தியில் உட்கார்ந்து, பாயசம் வரைக்கும் இருந்துவிட்டு வருவதற்குள் கப்பலுக்கு நேரம் போய்விட்டது.

கல்யாணச் சாப்பாட்டால் சரக்கு வரவில்லை என்று எழுத முடியுமா? அன்று கலைமணியின் பேனாவில் ஒரு கப்பல் தலைவன் வந்து இறங்கினான். கெடிலம் ஆற்றுக் கரை உடைந்தது. மூத்தோரும் கண்டிராத வெள்ளம் வந்தது. கடலோரத்து மீனவர் குடிசைகள் மிதந்தன. சிதம்பரத்துக் கோபுரவாசல்வரை தண்ணீர். கடைசியில், “இக்கடிதத்தை என் வீட்டுக் கூரைமேல் அமர்ந்து எழுதுகிறேன்” என்று முடித்தான். அந்த வரியை எழுதும்போது அவனுக்கே கண் கலங்கியது.

மனைவி காயத்ரிக்குத் தமிழில் சொல்லிக் காட்டினான். அவள் கையில் காலிக் குடம் இருந்தது.

“மார்ச்சு மாசத்துல வெள்ளமா? கொடத்துத் தண்ணிக்கே நாயா அலையிறோம்” என்றாள்.

அங்கே உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது என்றான் கலைமணி. மொசாம்பிக்கில் மார்ச் மாதம்தான் புயல் காலம் என்பது இவனுக்கும் தெரியாது. அங்கே யாருக்கும் இதில் சந்தேகம் வர வழியே இல்லை.

ஆகஸ்டில் தோனா கிராசாவிடமிருந்து தகவல் வந்தது. புது மெஷின்களைப் பார்க்க நேரில் வருகிறார். பிடித்திருந்தால் முப்பது மெஷினுக்கு ஆர்டர். கூடவே, வெள்ளத்தில் எல்லாம் இழந்த மீனவப் பெண்களுக்காக அவருடைய சங்கத்துப் பெண்கள் துணி சேர்த்திருக்கிறார்கள். அதைத் தன் கையாலேயே கொடுக்க வேண்டும். திரு. கலைமணி உட்கார்ந்து எழுதிய அந்தக் கூரையையும் பார்க்க வேண்டும்.

பாண்டியன் தலையில் கை வைத்துக்கொண்டு பட்டறை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டான்.

“நீ எழுதனது பொய்யின்னு அந்தம்மாவுக்குத் தெரிஞ்சிதுன்னு வை, ஆர்டரு போச்சு. ஆர்டரு போனா பட்டறை போச்சு. கொளஞ்சி குடும்பத்துலேருந்து எல்லாம் நடுத்தெருவுல. நீதான் இழுத்து வுட்ட, நீயே சமாளி மச்சான்.”

கலைமணியும் பக்கத்தில் உட்கார்ந்தான். அவர்கள் போட்ட திட்டம் இதுதான்: மீனம்பாக்கம் ஏர்போர்ட்டிலிருந்து நேராகச் சிதம்பரத்துக்குக் கொண்டுபோய், கோயில் குளமென்று சுற்றிக்காட்டிக் களைப்படைய வைத்துவிட்டு, மெஷினை மட்டும் காட்டி வழியனுப்புவது. துணி மூட்டையை நாங்களே கொடுத்துவிடுகிறோம் என்று சொல்லி வாங்கி வைத்துக்கொள்வது.

தோனா கிராசாவுக்கு அறுபது வயதிருக்கும். நல்ல உயரம். இடுப்பில் பூப்போட்ட துணியைச் சுற்றிக்கொண்டு, இரண்டு பெரிய மூட்டைகளைத் தானே தள்ளிக்கொண்டு வந்தார். கலைமணி குனிந்து, மனப்பாடம் செய்து வைத்திருந்த வரவேற்பைச் சொன்னான். மேன்மை பொருந்திய தங்கள் திருப்பாதம் எங்கள் கரையைத் தொட்டது எங்கள் பாக்கியம், என்கிற மாதிரி. இவன் யாரிடம் பேசுகிறான் என்று அவர் பின்னால் திரும்பிப் பார்த்தார். அப்புறம் சிரித்துவிட்டு, செத்துப்போன பாதிரியார்கள் எழுந்து வந்து பேசினால் இப்படித்தான் இருக்கும் என்றார். கலைமணிக்கு முகம் சுருங்கிவிட்டது. இத்தனை வருஷமாக அவன் நானூறு வருஷத்துக்கு முந்தைய ஆட்களோடுதான் பழகியிருக்கிறான்.

சிதம்பரத்தில் நடராஜர் சன்னதி பற்றி அவன் அளந்த அளப்பு ஒன்றும் அவர் காதில் ஏறவில்லை. ஒவ்வொரு மதிலையும் தொட்டுப் பார்த்து, தண்ணீர் எதுவரை ஏறியது என்று கேட்டார். இவன் கைக்கு வந்த உயரத்தைக் காட்டினான். கீழவீதி ஓட்டலில் இட்லியும் கொத்சும் சாப்பிட உட்கார்ந்தார்கள். பரிமாறுகிறவரிடம் வெள்ளத்தில் அவருடைய வீடு என்ன ஆயிற்று என்று கேட்கச் சொன்னார் தோனா கிராசா. கலைமணி அந்த மனிதரிடம், தேங்காய்ச் சட்னி இருக்கா என்று கேட்டான்.

“எல்லாம் தீந்துபோச்சு சார்” என்றார் அவர், வருத்தமாக.

அதைக் கலைமணி ஒரு எழுத்துக்கூட மாற்றாமல் மொழிபெயர்த்தான். தோனா கிராசா எழுந்து நின்று, அந்த மனிதரின் கையைப் பிடித்து, கண்ணை மூடி ஏதோ ஜெபம் சொன்னார். சட்னிக்காக ஒருவர் இவ்வளவு துக்கப்பட்டு அந்த மனிதர் பார்த்ததில்லை. உள்ளே போய் எங்கிருந்தோ ஒரு கிண்ணம் சட்னி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். கலைமணி அதைத் தொடவில்லை. தான் எவ்வளவு அற்பமான ஆள் என்று அவனுக்கு அங்கே, அந்த இலைக்கு முன்னால், நன்றாகவே தெரிந்தது. தெரிந்தும் என்ன, வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் பட்டறையில் மெஷின்களைப் பார்த்து முடித்ததும், தோனா கிராசா கடலூரைச் சுற்றிப் பார்த்தே தீருவேன் என்றார். முதலில் கூரை. கலைமணி இருப்பது வாடகைப் போர்ஷன். மேலே வீட்டுக்கார அம்மா ஞானாம்பாளின் மொட்டைமாடி. அங்கே வெங்காய வடகம் காய்ந்துகொண்டிருந்தது. தோனா கிராசா வடகத்தை மிதிக்காமல் நடந்துபோய், நடுவில் நின்று, இவனை எங்கே உட்கார்ந்திருந்தான் என்று காட்டச் சொன்னார். அவன் தண்ணீர்த் தொட்டி பக்கம் கையைக் காட்டினான். அந்த அம்மா போர்ஷன் பார்க்க வந்திருக்காங்களா, அட்வான்ஸெல்லாம் சொல்லிட்டியா என்று ஞானாம்பாள் கேட்டாள்.

அப்புறம் மீனவர் குப்பம். வேறு வழியில்லாமல் பாண்டியன் அங்கே மகளிர் குழுத் தலைவியாக இருக்கும் மங்கலத்துக்குப் போன் போட்டு, ஒரு அம்மா நிவாரணம் கொடுக்க வராங்க, பத்துப் பேரை நிறுத்துங்க என்று மட்டும் சொல்லியிருந்தான்.

கடலூர்க் கரையோரத்து ஜனங்களுக்கு நிவாரணம் வாங்குவது கைவந்த வேலை. சுனாமியில் தொடங்கியது, தானே புயல், அதற்கப்புறம் பெருமழை, மறுபடி புயல் என்று அடி வாங்கி வாங்கிப் பழகியிருந்தார்கள். வேன் நிற்பதற்குள் வரிசை நின்றுவிட்டது. புருஷன் இல்லாதவர்கள் முன்னால், கைப்பிள்ளைக்காரிகள் அடுத்து, ஆளுக்கொரு ரேஷன் கார்டு ஜெராக்ஸ். போட்டோவுக்கு வெயில் எந்தப் பக்கம் விழ வேண்டும் என்பதுவரை அவர்களுக்குத் தெரியும். மங்கலம் சால்வையோடு முன்னால் வந்தாள். வந்தவள் கலைமணியின் காதோரம் குனிந்தாள்.

“தம்பி, இது எந்தப் புயலுக்கு? நன்றி சொல்றப்ப பேரு சொல்லணும்ல.”

என்ன கேட்கிறார் என்றார் தோனா கிராசா. தங்களைக் கடவுள் ஆசீர்வதிக்க வேண்டும் என்கிறார் என்றான் கலைமணி. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

தோனா கிராசா மூட்டையை அவிழ்த்தார். உள்ளே இடுப்பில் சுற்றுகிற பூப்போட்ட துணிகள், மஞ்சளும் சிவப்பும் நீலமுமாக. கொடுப்பதற்கு முன்னால் சில வார்த்தை பேச வேண்டும், சொல்லச் சொல்லத் தமிழில் சொல் என்றார். கலைமணி தொண்டையைச் செருமிக்கொண்டான்.

மார்ச் மாதம் எங்கள் ஊரில் காற்று வந்தது, என்றார் அவர். முந்திரி உடைக்கிற கொட்டகையின் கூரை போய்விட்டது. கூரை விழுந்ததில் எங்களில் ஒன்பது பேர் செத்தார்கள். என் தங்கை ஒருத்தி.

அவ்வளவுதான் சொன்னார். கண்டதுமில்லை, கேட்டதுமில்லை, ஒன்றுமில்லை. கலைமணி வாயைத் திறந்தான். இதற்கென்று அவனிடம் இருந்த வார்த்தைகளையெல்லாம் பல்வலிக்கும் டிரான்ஸ்பார்மருக்கும் செலவு செய்துவிட்டிருந்தான்.

“அவுங்க ஊர்ல மார்ச்சுல புயலடிச்சிருக்கு” என்றான். “வேலை செய்யற எடத்துல கூரை வுழுந்து ஒம்போது பேரு போயிட்டாங்க. அவுங்க தங்கச்சியும்.”

வரிசையில் நின்ற ஒருத்தி ரேஷன் கார்டு ஜெராக்ஸை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

தோனா கிராசா தொடர்ந்தார். சில நாள் போன் வேலை செய்யவில்லை. வேலை செய்ய ஆரம்பித்ததும் அதில் வெளியிலிருந்து வந்த முதல் கடிதம் இவருடையது. கொட்டகை இல்லாததால் மரத்தடியில் உட்கார்ந்து அதை எல்லாருக்கும் படித்துக் காட்டினேன். அங்கேயும் இப்படித்தானாம், குடிசையெல்லாம் மிதக்கிறதாம், அந்த மனிதர் கூரைமேல் உட்கார்ந்து எழுதியிருக்கிறாராம் என்று பெண்கள் அழுதார்கள். நனையாமல் எது மிஞ்சியதோ அதை ஆளுக்கொன்று கொண்டுவந்தார்கள். இது அமேலியா கொடுத்தது. இது ரோசா கொடுத்தது, அவளிடம் இருந்ததே இரண்டுதான்.

கலைமணி இதைத் தமிழில் சொல்லவில்லை. சொல்ல முடியவில்லை. பாண்டியன் வேனுக்குப் பக்கத்திலிருந்து கண்ணால் கெஞ்சுவது தெரிந்தது. கொளஞ்சியின் பிள்ளைகள்கூட நினைவுக்கு வந்தார்கள். ஆனாலும் ரோசாவின் துணியைப் பார்த்தபின் அவனால் அந்தப் பொய்யைக் கட்டிக்காக்க முடியவில்லை.

வெள்ளம் வரவில்லை, அம்மா, என்றான் போர்த்துகீசிய மொழியில். ஒரு சொட்டு மழைகூடப் பெய்யவில்லை. லாரிக்காரர் கல்யாணச் சாப்பாடு சாப்பிடப் போய்விட்டார். அதற்காக நான் எழுதினேன்.

தோனா கிராசா கையிலிருந்த துணியை மூட்டைமேல் வைத்தார். கோபப்படுவார் என்று காத்திருந்தான். கோபப்பட்டிருந்தால் சுலபமாகப் போயிருக்கும்.

“இதை இவர்களுக்கும் சொல்” என்றார்.

கலைமணி தமிழில் சொன்னான். இந்தத் தடவை அடுத்தவர் வார்த்தை என்று ஒதுங்கிக்கொள்ள இடமில்லை. வெள்ளம் என்று பொய்யாக எழுதியது, கூரைமேல் உட்கார்ந்ததாக எழுதியது, அந்தப் பெண்கள் அழுதது, மிஞ்சியதை எடுத்துக் கொடுத்தது, எல்லாவற்றையும் சொன்னான். பாண்டியன் வேனுக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டான்.

மங்கலம் சால்வையை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டாள்.

“மார்ச்சுல ஏது தம்பி வெள்ளம்? எங்களுக்கென்ன தெரியாதா? குடுக்கறாங்க, நின்னு வாங்கிக்குவோம்னுதான் நின்னோம். நீ மட்டுமா பொய்யி, நாங்களுந்தான்” என்றாள். பிறகு, “அவுங்களுக்கு யாரு குடுத்தாங்களாம்? கேளு” என்றாள்.

கேட்டான். எங்கள் ஊருக்கு ரோடு சரியில்லை, இதுவரை யாரும் வரவில்லை என்றார் தோனா கிராசா.

“அப்ப அந்தம்மாவ வரிசையில நிக்கச் சொல்லு.”

பெண்கள் கலைந்து வீடுகளுக்குப் போனார்கள். திரும்பி வரும்போது ஒவ்வொருத்தி கையிலும் ஏதோ இருந்தது. நிவாரணத்தில் வந்த போர்வை, உறை பிரிக்காதது. எந்தப் புயலிலோ கொடுத்த சேலை. ஒரு எவர்சில்வர் தூக்கு. காகிதத்தில் சுற்றிய நெத்திலிக் கருவாடு. ரோசா கொடுத்த துணியையும் மற்றவற்றையும் மறுபடி மடித்து மூட்டைக்குள் வைத்தார்கள். தோனா கிராசா வேண்டாம் என்று தலையாட்டினார். மங்கலம் அவர் தோளைப் பிடித்து நிறுத்தி, முதல் போர்வையைக் கையில் வைத்தாள். அடுத்தவள் வந்தாள். கலைமணி இரண்டு பேருக்கும் நடுவில் வந்து நின்று, இவர்கள் மனமுவந்து அளிக்கும் இந்த எளிய காணிக்கையை, என்று ஆரம்பித்தான்.

“தம்பி, நடுவுல நிக்காத. வழிய வுடு” என்றாள் மங்கலம்.

அவன் விலகினான். தோனா கிராசாவுக்குத் தெரிந்த இங்கிலீஷ் கொஞ்சம்தான். அதைச் சேர்த்துப் பிடித்து, வேனுக்குள் இருந்த பாண்டியனைப் பார்த்துச் சொன்னார்: “மெஷின் குட். லெட்டர் ஸ்டாப்.” பாண்டியனுக்கு உயிர் திரும்பி வந்தது. கலைமணிக்கு வேலை போயிற்று. அது நியாயம்தான் என்று அவனுக்கே பட்டது.

கொஞ்ச நேரத்தில் அங்கே வரிசை என்று ஒன்றும் இல்லை. படகு நிழலில் எல்லாரும் உட்கார்ந்துவிட்டார்கள். தோனா கிராசா இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கி, கூரை எப்படிப் பறந்தது என்று காட்டினார். மங்கலம் எழுந்து நின்று, சுனாமியில் தண்ணீர் எங்கே வந்து நின்றது என்று தன் கழுத்தில் கையை வைத்துக் காட்டினாள். பிறகு பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளைக் காட்டி, அவள் பிள்ளை உயரம் எவ்வளவு இருந்தது என்று தரையிலிருந்து அளந்து காட்டினாள். தோனா கிராசா அந்தப் பெண்ணின் கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு ஏதோ சொல்லத் தொடங்கினார். அந்தப் பெண்ணும் பதில் சொன்னாள். பேச்சு நீண்டுகொண்டே போயிற்று.

பாண்டியன் இறங்கி வந்து கலைமணிக்குப் பக்கத்தில் நின்றான்.

“இன்னாடா சொல்றாங்க அந்தம்மா?”

கலைமணி காதைக் கொடுத்துக் கேட்டான். அது போர்த்துகீசிய மொழியே இல்லை. அவர் தன் வீட்டில், தங்கையோடு பேசிய மொழியாக இருக்க வேண்டும். இத்தனை வருஷக் கடிதத்தில் அப்படி ஒன்று இருக்கிறதா என்று அவன் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

“தெரியலடா” என்றான்.